41 பால் சென்டர், ஒரு பக்கெட்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் ரூட் வண்டியில், பால் கேனின் கைப்பிடியில் ஒரு பாலித்தீன் பை கட்டியிருக்கும். அதற்குள் பென்டிரைவ். முந்தின நாளின் காலைப் பால், சாயங்காலப் பால் இரண்டின் கணக்கும் அதில்தான் வரும். வண்டி மதுரைக்கு வந்ததும் கேன்கள் ஒரு பக்கம் இறங்கும், பை ஆபீசுக்குப் போகும். அங்கே ஒரு தம்பி ஒவ்வொரு பென்டிரைவாகச் செருகி, சி.எஸ்.வி கோப்பைத் (கமாவால் பிரித்த பட்டியலைத்) திறந்து, மொத்தக் கணக்கில் ஒட்டுவார். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து சென்டர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். வாடிப்பட்டிப் பக்கம் சிலர் மின்னஞ்சல். மொத்தம் 41 சென்டர், நாளுக்கு 82 கோப்பு. பத்து நாளைக்கு ஒருமுறை பால் பணம் பட்டுவாடா.

இந்தத் தனியார் பால் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்களிடம் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தது. அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்.டி.எஸ்ஸில், மும்பை மையத்தில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். சென்டர்களிலிருந்து வரும் கோப்புகளை நடுவில் ஆள் இல்லாமல் அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தோம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வண்டிகள் எந்த வழியாக வரும், ஆபீசில் யார் இருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. அந்த நேரத்தில் புதிய ஏற்பாடு எதையும் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கும் மேலாளருக்கும் ஒரே கருத்து.

சென்டர் கணினியிலிருந்து நேரே டேட்டாபேஸுக்கு எழுதிவிடலாமே என்று மேலாளர் கேட்டார். எழுதலாம். ஆனால் அதற்கு டேட்டாபேஸின் கதவை வெளி உலகத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். எல்லா சென்டரிலும் சிம் டாங்கிள்தான், இன்றைக்கு ஒரு முகவரி, நாளைக்கு ஒரு முகவரி. இன்னாரை மட்டும் உள்ளே விடு என்று சொல்ல வழியில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நடுவழியில் ஒரு வரி விழுந்துவிட்டால், சென்டர் என்ன அனுப்பியது என்பதற்கு ஆதாரமே இருக்காது. ஒரு வரி என்பது ஒரு வீட்டின் ஒரு வேளைப் பால். ஆறு லிட்டர் ஊற்றியவருக்கு நான்கு லிட்டருக்குப் பணம் வந்தால், எங்கே தப்பு நடந்தது என்று காட்ட ஒரு இடம் வேண்டும். அந்த இடம்தான் அமேசானின் இணையக் கோப்புக் கிடங்கான எஸ்3யில் ஒரு பக்கெட். கோப்பு முதலில் அங்கே வந்து உட்காரும். டேட்டாபேஸ் தன் நேரத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளும்.

முதலில் அனுமதி. எனக்கு முன்னால் இதைத் தொட்டவர்கள் ஒரே ஒரு சாவியை (கடவுச்சொல் மாதிரி) உருவாக்கி, அதை எல்லா சென்டருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அந்தச் சாவியால் எல்லாவற்றையும் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அன்றைக்கே அதை முடக்கினேன். ஒவ்வொரு சென்டருக்கும் தனித்தனிப் பயனர், தனிச் சாவி. 17ஆம் எண் சென்டர், 17 என்று தொடங்கும் பாதைக்குள் மட்டுமே எழுத முடியும். அழிக்கும் அனுமதி யாருக்கும் கிடையாது. பக்கெட்டில் வெர்ஷனிங்கையும் போட்டுவிட்டேன். ஒரே பெயரில் மறுபடி அனுப்பினாலும் பழையது உள்ளேயே இருக்கும். தற்காலிகச் சாவிகள்தான் சிறந்த முறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பால் ஊற்ற வரிசையில் ஆள் நிற்கும்போது திறக்கும் பழைய விண்டோஸ் கணினிக்கு, வரம்பு கட்டிய தனிச் சாவிதான் நடைமுறைக்கு ஒத்து வந்தது.

கோப்பை அனுப்ப ஆர்-க்ளோன். கட்டற்ற மென்பொருள், ஒரே ஒரு நிரல் கோப்பு, நிறுவும் தொல்லை இல்லை. அதில் காப்பி, சிங்க் என்று இரண்டு உண்டு. சிங்க் பக்கம் போகவே கூடாது. சென்டர் கணினியில் இடம் போதவில்லை என்று யாராவது பழைய கோப்பை அழித்தால், அது பக்கெட்டிலும் அழிக்கப் பார்க்கும். காப்பி மட்டும்தான். கூடவே குறைந்தபட்ச வயது ஐந்து நிமிடம் என்ற நிபந்தனையும் சேர்த்தேன். பாதி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அது தொடாது.

முதல் சோதனையிலேயே 403, அனுமதி இல்லை. எழுதும் அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆர்-க்ளோன் முதலில் பக்கெட் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் உருவாக்கவும் முயலும். அந்த அனுமதி சென்டருக்கு இல்லை. பக்கெட்டைச் சோதிக்காதே என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் அது தீர்ந்தது. உடனே அடுத்த 403. அனுப்புமுன் இந்தக் கோப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று அது விசாரிக்கும், அனுப்பிய பிறகு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரிக்கும். எஸ்3யைப் பொறுத்தவரை இந்த விசாரணைக்குப் படிக்கும் அனுமதி தேவை. அதோடு, பட்டியல் பார்க்கும் அனுமதி இல்லாதவர் இல்லாத கோப்பைப் பற்றிக் கேட்டால், இல்லை என்று சொல்லாமல் அனுமதி இல்லை என்றே பதில் வரும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சரியான ஏற்பாடுதான். தெரியாதவர் அங்கே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க நேரும். கடைசியில் ஒவ்வொரு சென்டருக்கும் தன் பாதைக்குள் எழுத, படிக்க, தன் பாதையை மட்டும் பட்டியலிட என்று மூன்று அனுமதி கொடுத்து முடித்தேன்.

டேட்டாபேஸ் பக்கம் வேறு கதை. ஆர்.டி.எஸ் போஸ்ட்கிரெஸுக்கு எஸ்3யிலிருந்து நேரே இழுக்கும் ஒரு நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் பகுதி) இருக்கிறது. அதை நிறுவி, படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு ரோலை (அனுமதித் தொகுப்பை) டேட்டாபேஸோடு இணைத்து, அந்த ரோல் எஸ்3 இம்போர்ட்டுக்கானது என்று குறிக்க வேண்டும். எல்லாம் செய்தேன். இழுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, தரவும் வரவில்லை. அப்படியே நின்றது.

என் மடிக்கணினியிலிருந்து பார்த்தால் பக்கெட் நன்றாகத் திறந்தது, கோப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. ரோலை மூன்று முறை பிரித்து மாட்டினேன். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பக்கெட் இருக்கும் ஊரைப் பார்த்தேன்: அமெரிக்காவின் வட வர்ஜீனியா. முதல் நாள் வீட்டில் சோதனைக்காக உருவாக்கியபோது திரையில் இருந்த ஊரை மாற்றாமல் விட்டிருக்கிறேன். டேட்டாபேஸோ மும்பையில், வெளி இணையமே இல்லாத தனி சப்நெட்டில் (உள்வலைப் பகுதியில்) இருக்கிறது. அங்கிருந்து எஸ்3க்குப் போக ஒரே வழி கேட்வே என்டிபாயின்ட் என்ற உள்வழி. அந்த வழி அதே ஊரில் உள்ள பக்கெட்டுக்கு மட்டும்தான். என் வீட்டு இணையத்துக்கு உலகமே திறந்திருக்கும், டேட்டாபேஸுக்கு அப்படி இல்லை. பக்கெட்டை உருவாக்கிய பிறகு ஊரை மாற்ற முடியாது என்பதால் மும்பையில் வேறு பெயரில் புதிதாக உருவாக்கினேன். முதல் கோப்பு இரண்டு வினாடியில் ஏறியது. அன்றிலிருந்து எந்த இணைப்பையும், அதை உண்மையில் பயன்படுத்தப்போகும் இடத்தில் நின்றுகொண்டுதான் சோதிக்கிறேன்.

சென்டர்களில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தோம். முப்பதுக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லாமல் முடிந்தது. எழுமலைப் பக்கம் ஒரு சென்டர் மட்டும் ஒரு நாள் அனுப்பும், ஒரு நாள் அனுப்பாது. பதிவேட்டைத் தூரத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள், கோரிக்கையின் நேரத்துக்கும் சர்வரின் நேரத்துக்கும் வித்தியாசம் அதிகம் என்றிருந்தது. இன்னொரு நாள், எஸ்3யின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்றிருந்தது. இரண்டும் வேறு வேறு கோளாறு என்று நினைத்து நெட்வொர்க்கைத் துருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேருந்து ஏறி நேரே போனேன்.

சென்டரை நடத்தும் அக்கா காலைப் பால் முடித்து, பாலின் தரம் பார்க்கும் அனலைசரைக் கழுவிக்கொண்டிருந்தார். கணினி நேரம் தப்பாக இருக்கிறதே என்றேன். "கரண்டு போய்ட்டு வந்தா அதுக்கு எல்லாமே மறந்துரும் தம்பி. நான் கடிகாரத்தப் பாத்து நானே மாத்தி வச்சுக்கிருவேன். சில நாள் கூட்டமா இருந்தா விட்டுரும்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அச்சான தேதியைப் பேனாவால் அடித்து, சரியான தேதியை எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். பால் ஊற்றும் ஒருவர்கூட ஏமாந்துவிடக் கூடாது என்று இரண்டு மாதமாக அவர் செய்துவந்த வேலை அது. ஆபீசில் யாருக்கும் இது தெரியாது.

பெட்டியைத் திறந்தோம். தவிட்டுத் தூசி அப்பிக் கிடந்தது. மதர்போர்டில் இருந்த சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது. இரண்டு பிழைக்கும் காரணம் அந்தப் பொத்தான் அளவு பேட்டரிதான். மின்சாரம் கொஞ்ச நேரம் போனால் கடிகாரம் மெதுவாக ஓடிப் பின்தங்கும். எஸ்3க்கு வரும் கோரிக்கையின் கையொப்பத்தில் நேரமும் சேர்ந்திருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் ஏற்காது. ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லாவிட்டால் தேதியே பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதிக்கு இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ் பிறக்கவே இல்லை, அதனால் பேச்சுவார்த்தை கதவிலேயே முடிந்துவிடும். விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்றால், வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் அது திருத்த மறுத்துவிடும்.

கடைத்தெருவில் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டினேன். கணினி எழுந்ததும் நேரத்தைச் சரிபார்த்து, அதன் பிறகே கோப்பை அனுப்பும்படி வரிசையையும் மாற்றினேன். டேட்டாபேஸில் இன்னொரு மாற்றம்: கோப்பின் பெயரில் உள்ள தேதியை மட்டும் நம்பாமல், எஸ்3 தன் கடிகாரத்தில் குறித்த வந்துசேர்ந்த நேரத்தையும் கூடவே பதிகிறேன். இரண்டும் இரண்டு நாளுக்கு மேல் விலகினால், பட்டுவாடாவுக்கு முன் ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்டேஜிங் டேபிள், அதாவது டேட்டாபேஸில் கோப்பு முதலில் வந்து இறங்கும் அட்டவணை. முதலில் எல்லோரையும் போலத்தான் அமைத்தேன். உறுப்பினர் எண், பெயர், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்), விலை, தொகை என்று ஏழு காலம் (நெடுவரிசை), எண்ணுக்கு எண் வகை, பெயருக்கு எழுத்து வகை. மூன்றாம் நாளே ஒரு சென்டரின் 112 வரியும் ஏறவில்லை. ஒரே ஒருவரின் பெயரோடு ஒரு கமாவும் வடக்குத் தெரு என்ற சொல்லும் சேர்ந்திருந்தன. மேற்கோள் குறி இல்லை. ஏழு காலம் எட்டானது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரி தவறினாலும் கோப்பு முழுவதையும் திருப்பிவிடும். 17ஆம் பதிப்பில், பிழையான வரியை விட்டுவிட்டு மீதியை ஏற்றும் வசதி வந்திருக்கிறது. ஆனால் அது எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருப்பது போன்ற பிழைக்குத்தான், காலம் கூடினால் உதவாது. உதவினாலும் நான் அதைப் போட்டிருக்க மாட்டேன். விட்டுவிடப்படும் அந்த வரி யாருடைய பால்?

அதனால் டேபிளையே மாற்றினேன். வரி முழுவதற்கும் ஒரே ஒரு காலம், டெக்ஸ்ட் வகை. பிரிப்பானாகக் கமாவுக்குப் பதில், கோப்புக்குள் வரவே வராத கட்டுப்பாட்டுக் குறி ஒன்றைக் கொடுத்தேன் (குறியெண் 1). மேற்கோளுக்கு இன்னொன்று (குறியெண் 2). இப்போது ஒவ்வொரு வரியும் உள்ளே என்ன இருந்தாலும் அப்படியே முழுசாக வந்து விழும். வரிசை எண்ணை டேபிள் தானே போடும். கோப்பின் பெயரை இம்போர்ட் கட்டளை கொடுக்காது. ஏற்றியவுடன் அதே பரிவர்த்தனைக்குள் (நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காத ஒரு தொகுதி), கோப்புப் பெயர் காலியாக உள்ள வரிகளில் நான் எழுதிவிடுகிறேன். கமாவில் பிரிப்பது, எண்ணாக்குவது, சந்தேகமானதைத் தனியே ஒதுக்குவது எல்லாம் அடுத்த கட்டத்தில், டேட்டாபேஸுக்கு உள்ளேயே. அந்த 112 வரியில் 111 நேராகப் போனது. ஒன்று மட்டும் பார்வைக்கு நின்றது, ஆபீஸ் தம்பி அரை நிமிடத்தில் சரிசெய்தார்.

எழுத்துரு ஒரு தனித் தலைவலி. பாதி சென்டர்களில் உள்ள பழைய மென்பொருள் பெயர்களை பாமினி எழுத்துருவில் வைக்கிறது. திரையில் மதுரை என்று தெரிவது, கோப்புக்குள் கே, பெரிய ஜே, ஐ, யு என்ற நான்கு ஆங்கில எழுத்துதான். அதுகூடப் பரவாயில்லை. சில தமிழ் எழுத்துகளுக்கு அது 127க்கு மேற்பட்ட பைட்டுகளைப் பயன்படுத்துகிறது. யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தை எதிர்பார்க்கும் டேட்டாபேஸ் அங்கே முரண்டு பிடிக்கும். அந்த சென்டர்களுக்கு மட்டும் லத்தீன்-1 என்று குறியாக்கத்தைச் சொல்லி ஏற்றுகிறேன், பூஜ்யம் தவிர எந்த பைட்டாக இருந்தாலும் அது ஏற்கும். எந்த சென்டருக்கு எது என்று ஒரு சின்ன டேபிள் வைத்திருக்கிறேன். பெயர்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் இறங்கவில்லை. உறுப்பினர் எண் சரியாக இருந்தால் பெயரை முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு சென்டரில் எக்செலில் திறந்து யூனிகோட் டெக்ஸ்ட் என்று சேமித்து அனுப்பினார்கள். அது யுடிஎஃப்-16 என்ற வேறு குறியாக்கம், நடுநடுவே பூஜ்ய பைட்டுகள். அதை எப்படிக் கொடுத்தாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அப்படிப்பட்ட கோப்பு பக்கெட்டிலேயே இருக்கும், ஏறாத காரணம் பதிவேட்டில் வரும். ஏற்றும் பரிவர்த்தனை தோற்றால் அதற்குள் எழுதியதெல்லாம் திரும்பிப் போய்விடும். ஆகவே தோல்வியைத் தனிப் பரிவர்த்தனையில்தான் எழுத வேண்டும். இதை முதலில் கவனிக்காமல், தோற்ற கோப்புகள் தடயமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

எக்செல் என்றதும் இன்னொன்று. சென்டரில் சரிபார்க்கிறேன் என்று சி.எஸ்.வியை எக்செலில் திறந்து சேமித்தால் 0047 என்ற உறுப்பினர் எண் 47 ஆகிவிடும். அதையாவது பூஜ்யம் சேர்த்து மீட்கலாம். வங்கிக் கணக்கு எண் உள்ள முதன்மைப் பட்டியலில் நடந்தால் மீட்கவே முடியாது. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அந்தப் பட்டியலைத் தனிப் பக்கெட்டில், ஆபீசுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்தோம். சென்டர்கள் அதைத் தொடுவதில்லை.

முதல் பட்டுவாடாவுக்கு இரண்டு நாள் முன்பு, ரூட் வண்டிச் சீட்டில் உள்ள லிட்டரையும் டேட்டாபேஸில் உள்ள லிட்டரையும் சென்டர் வாரியாக ஒப்பிட்டோம். பேரையூர்ப் பக்கத்து சென்டர் ஒன்றில், ஒரு சாயங்காலக் கணக்கில் 19 லிட்டர் குறைந்தது. வண்டிச் சீட்டில் இருக்கிறது, டேபிளில் இல்லை. பக்கெட்டைத் திறந்து அந்தக் கோப்பின் வெர்ஷன்களைப் பார்த்தேன். இரண்டு இருந்தன. 6.40க்கு வந்ததில் 63 வரி. 7.05க்கு அதே பெயரில் வந்ததில் 66 வரி. சென்டர்க்காரருக்குப் போன் செய்தோம். "காட்டுப் பக்கத்துல இருந்து மூணு பேரு லேட்டா வந்தாகண்ணே. மழை. வாங்காம திருப்பி அனுப்ப மனசு வரல. திரும்ப ஒரு தடவ ஏத்திவிட்டேன்" என்றார்.

அவர் செய்தது சரி. தவறு என் பக்கம். எந்தக் கோப்பு ஏறியது என்பதை நான் பெயரை மட்டும் வைத்துக் குறித்திருந்தேன். அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்ததால் இரண்டாவதைக் கண்டுகொள்ளவில்லை. எஸ்3 ஒவ்வொரு கோப்புக்கும் ஈடேக் என்று ஒரு அடையாளம் கொடுக்கிறது, உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும். இப்போது பெயரையும் ஈடேக்கையும் சேர்த்துத்தான் எந்தக் கோப்பு ஏறியது என்று குறிக்கிறேன். அதே பெயரில் புதிய ஈடேக் வந்தால், புதிய வரிகள் ஏறும், பழைய வரிகள் காலாவதி என்று குறிக்கப்படும், அழிக்கப்படாது. வெர்ஷனிங் போட்டிருக்காவிட்டால் முதல் கோப்பு எப்படி இருந்தது என்று பார்த்திருக்கவே முடியாது. மூன்று பேரின் 19 லிட்டரும் அந்தப் பட்டுவாடாவிலேயே சேர்ந்தது. பின்னோக்கித் தேடியதில், அதே பத்து நாளில் வேறு இரண்டு சென்டரிலும் இப்படி நடந்திருந்தது. அவற்றையும் சேர்த்தோம்.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறது. காலைக் கணக்கு முழுவதும் எட்டரை மணிக்குள் டேட்டாபேஸில் இருக்கிறது. மலையடிவாரத்தில் இரண்டு சென்டருக்கு சிக்னல் நிலையாக இல்லை. அங்கே கோப்பு கணினியிலேயே காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் தானாகப் போகிறது. அந்த இரண்டுக்கு மட்டும் பென்டிரைவ் பை இன்னும் வண்டியில் வருகிறது. ஆபீஸ் தம்பி அதைச் செருகினால், அதே பக்கெட்டில் அதே பாதையில் போய் விழும்படி அவருக்கும் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன்.